பகல் நித்திரை

07.07.2025, காலை
விடுதி, நமது அறை

என் அகீலாவுக்கு,

ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும் தாதி மாணவிகள் நாம் இரண்டு பேர்தான். உனக்கு இரவு டியூட்டி, எனக்குப் பகல். நீ வரும்போது நான் போய்விடுகிறேன். ஆறு நாளாக உன் முகத்தையே காணவில்லை. போனில் அனுப்பலாம்தான், அது சத்தம் போட்டு உன்னை எழுப்பிவிடும்.

வாவிப் பக்க யன்னலில் வெயில் அடிக்காமல் என் போர்வையைக் கட்டியிருக்கிறேன். அம்மா மண்டூரிலிருந்து தயிர் அனுப்பியிருக்கிறா. சட்டியோடு உனக்குத்தான். சாப்பிட்டுவிட்டுப் படு.

தனுஷா


07.07.2025, மாலை

அன்புத் தனு,

தயிர் அருமை. நன்றாக நித்திரை கொண்டேன். ஒன்பதாம் கட்டிலில் வல்லிபுரம் என்று ஒரு மீன்பிடிகார ஐயா இருக்கிறார். சீனி வருத்தம், காலில் புண். விடியும்வரை கதை. "நீ எப்ப மகள் நித்திரை கொள்ளுற?" என்று என்னைக் கேட்கிறார். அவர் வள்ளத்தில் படுக்க இடம் தருவாராம்!

என்னை யோசிக்காமல் சோதனைக்குப் படி.

உன் அகீலா


09.07.2025, காலை

அடி பொய்க்காரி,

நீ பகல் முழுக்க உடுப்புத் தோய்க்கிறாய் என்று மேட்ரன் சொன்னா. கொடியில் போய்ப் பார்த்தால் என் சீருடைகளும் தொங்குகின்றன, நான் தோய்த்து மடித்து வைத்தவைகூட! சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. முதலில் சிரித்தேன். பிறகு பயம் வந்தது. என்னகா நடக்குது? என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறாய்?

தனு


10.07.2025, மாலை

தனு,

கண்ணை மூடினால் நோயாளிகள் கூப்பிடும் வாட்டு மணி காதுக்குள் அடிக்கிறது. நெஞ்சு படபடக்க எழும்பி உட்காருகிறேன். பத்து நாளாக, ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்கூட நித்திரை இல்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

இன்று விடியற்காலை வல்லிபுரம் ஐயாவுக்குரிய இன்சுலினோடு ஆறாம் கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த மனிதருக்குச் சீனி வருத்தமே இல்லை. ஊசியைக் கிட்டக் கொண்டுபோன நேரம் ஐயாதான் கூப்பிட்டார்: "மகள், அந்த ஊசி எனக்குத்தானே போடுற?"

யாருக்கும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. என்னைத் தாதியாகப் பார்க்கத்தான் உம்மா எட்டு வருடம் சவூதியில் அடுப்படியில் நின்றா.

அகீலா


11.07.2025, காலை

அகீலா,

நான் சொல்லிவிட்டேன்.

அந்த ஐயா நித்திரையாக இருந்திருந்தால்? அந்த நினைப்பு என்னை விடவில்லை. நேற்று இரவே டியூட்டர் மிஸ்ஸின் வீட்டுக்குப் போய் அழுதேன். மிஸ் ஏசவில்லை. "எத்தின நாளா இந்தப் புள்ள இப்படி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டா. உனக்கு இனி இரவு டியூட்டி இல்லை. டொக்டரிடம் காட்டிவிட்டு ஒரு கிழமை வீட்டில் நிற்க வேண்டும். நடந்ததை உன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நீ என்னோடு இனிக் கதைக்காமல் விடலாம். தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தனுஷா


17.07.2025
ஓட்டமாவடி

தனு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நீ போனில் எடுத்த கோல் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

வீட்டிலும் இரண்டு நாள் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சரிந்தவள், அடுத்த நாள் விடியச் சுபஹு பாங்குக்குத்தான் எழும்பினேன். உம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, மீன்காரரைக்கூடக் கூவ விடவில்லையாம். எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா கேட்டுவிட்டு, "அந்த மனிசன் தப்பினதுக்கு அல்ஹம்துலில்லாஹ். அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் எழுது" என்றா.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, கையொப்பம் வைத்து அனுப்பிவிட்டேன். மிஸ் நேற்றுப் போனில் கதைத்தா. தங்களுக்கும் நித்திரை இல்லை என்று இன்னும் நாலு பேர் போய்ச் சொல்லியிருக்கிறார்களாம். இனி ஐந்து இரவுக்கு மேல் தொடர்ந்து போட மாட்டார்களாம்.

உன்மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஞாயிறு பின்னேரம் வருகிறேன். நீ டியூட்டி முடித்து வரும்போது நான் நித்திரையாக இருந்தால் தட்டி எழுப்பு. முதலில் உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும்.

உன்
அகீலா