துளசிங்கத்தின் கோடாலி

தணிகை முருகன் துணை
கே.ஜி.கண்டிகை, தாரண வருஷம் (1944) ஆனி மாதம்

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, கௌரி வணங்கி எழுதிக்கொள்வது. நானும் குழந்தைகளும் சுகம். அந்தக் காட்டுக் காய்ச்சல் உங்களை அண்டாமல் மலையில் இருக்கிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயநாட்டில் நீங்கள் மரம் வெட்டுகிற கூப்பில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனையும் ரயில் தண்டவாளத்துக்குச் சிலீப்பர் கட்டையா? வெட்டிய இடத்தில் தேயிலை வைக்கிறார்கள் என்றால் அந்தக் காடு இனி எங்கே முளைக்கும்? நம் மலையைத்தான் பார்த்தோமே. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் திருப்பதி பஸ்ஸெல்லாம் மரக்கரியில் ஓட ஆரம்பித்ததும், கரிக்கு வந்த விலையைப் பார்த்து ஊரே மலையேறியது. முன்பெல்லாம் அடிக்கட்டையை விட்டு வெட்டுவோம், மறுபடி துளிர்க்கும். வேர்க் கரியும் விலை போகிறது என்றதும் அதையும் தோண்டிச் சுட்டாயிற்று. யாரைக் குறை சொல்ல? ஏரி காய்ந்து கிடந்தது, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். இப்போது அடுப்புக்குச் சுள்ளி கூட இல்லை. மலை மொட்டையான பிறகுதானே நீங்கள் மேஸ்திரியாகி நம் ஆட்களை அங்கே கூட்டிப் போனீர்கள்.

இன்னும் பத்து ஆள் பிடித்து அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பமாட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்களோடு போன பரசுராமன் காய்ச்சலோடு திரும்பினான். அவன் மூட்டையில், கூடப் போன துளசிங்கத்தின் கோடாலி இருந்தது. மாத்தி எடுத்தாந்துட்டேன் என்கிறான். என்னிடமா இந்தக் கதை? மரம் வெட்டுகிறவன் தன் கைக்குத் தகுந்தபடி தானே காம்பு செதுக்குவான், அடுத்தவன் கோடாலியைத் தொடமாட்டான். கூப்பில் ஒருவன் செத்தால்தான் அவன் கோடாலியை வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வழக்கத்தைக் கைவிட மனசு வரவில்லை, உங்களுக்குப் பயந்து உண்மையைச் சொல்ல வாயும் வரவில்லை பாவம், அவனுக்கு.

துளசிங்கத்தின் பெண்சாதி தேவகி அதுவரை தினமும் வருவாள். அக்கா, கடுதாசி வந்துச்சா, எங்க ஊட்டுக்காரரு நல்லாக்கீறாரா என்பாள். நானும் ஆங், நல்லாக்கீறாராம் என்பேன். நாலு கடிதமாக நீங்கள் அவன் பேரையே எழுதாததைக் கவனிக்காமலா இருந்தேன்? கோடாலியைப் பார்த்த பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தாலியை மட்டும் கழற்றவில்லை. மேஸ்திரி வாயால சொல்லட்டும்க்கா, அதுவரைக்கும் அவரு கீறாரு என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செத்தது தெரிந்தால் புது ஆள் வரமாட்டான், ஆள் குறைந்தால் கம்பெனிக்காரன் உங்களை விரட்டுவான். எல்லாம் தெரியும். நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை என்பதும் தெரியும். அப்படிப்பட்டவரையே மறைக்க வைத்துவிட்டதே அந்த இடம், அதனால்தான் பயமாக இருக்கிறது.

தேவகிக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள். அவனை எங்கே புதைத்தீர்கள், பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று எழுதுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், அந்த ஒரு மரத்தை மட்டும் வெட்டாதீர்கள். நாளைக்கு அவன் பிள்ளை தேடிக்கொண்டு வந்தால் காட்ட ஏதாவது இருக்கட்டும்.

பிறகு அங்கே ஒரு நாளும் நிற்கவேண்டாம். கூழோ தண்ணீரோ சேர்ந்து குடிப்போம். ஆடிக் கிருத்திகைக்குள் உங்கள் கோடாலியை உங்கள் தோளிலேயே வைத்துக்கொண்டு வந்து சேருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
கௌரி