நீர் நிற்காத இடங்கள்

இன்று காலை லண்டனின் குட்மேய்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினேன். எதிரே இருந்தவர் தோடம்பழம் உரித்தார். அந்த வாசனையோடு நீரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர். அலுவலகத்தில் நீர் தினமும் அதை உரிப்பதால் நம் இரண்டு மேசைகளுக்கும் நடுவே எப்போதும் அந்த வாசனைதான் இருக்கும்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிறகு, அங்கிருந்து வந்த பழைய சட்டங்களில் எதை வைப்பது, எதை நீக்குவது என்று பார்க்கும் வேலை நமக்கு. என்னைவிட உமக்குத்தான் துணிவு. எவருக்கும் பயன்படாத விதிகளைத் தயங்காமல் நீக்கச் சொன்னீர். நான் இழுத்தடித்தால், "செத்ததை ஏனப்பா வைச்சுக் காக்கிறீர்?" என்று சிரிப்பீர்.

பிறகு அந்த விதி வந்தது. கர்ப்பிணிகள் ஓய்வெடுக்க வேலையிடத்தில் வசதி இருக்க வேண்டும் என்பது அது. சிறு முதலாளிகளுக்குச் சுமை, எடுத்துவிடலாம் என்றார் மேலதிகாரி. நீர் எழுந்து நின்றீர். அகதியாக வந்த புதிதில், வயிற்றில் பிள்ளையோடு பொதி கட்டும் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றதைக் குரல் உயர்த்தாமல் சொன்னீர். கால் வீங்கியபோது கழிவறைக்குள் போய் உட்கார்ந்ததையும், மேற்பார்வையாளர் கதவைத் தட்டியதையும் சொன்னீர். விதி வந்த பிறகுதான் அங்கே ஒரு கட்டில் போட்டார்களாம். அதற்குள் உம்முடைய மகன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

விதி தப்பியது. ஆனால் வெளியே வந்ததும் நீர் சொன்னீர்:

"என்ரை கதையை விக்கிற மாதிரி இருந்தது. இனி ஏலாது."

"நீர் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

"அதுதான் எனக்குப் பயம். நான் நிண்ட இடம் எனக்குத் தெரியும். நான் நிக்காத இடங்களுக்கு ஆர் கதைக்கிறது?"

அடுத்த வருடமே நோய் உம்மைக் கொண்டுபோனது. அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. முதலாளிகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் மறுபடியும் பேசுகிறார்கள். இந்த வாரம் என் மேசைக்கு வந்திருப்பது, குளிர் அறைகளில் வேலை செய்பவர்களின் இடைவேளை பற்றிய விதி. திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அது செத்ததா, உயிரோடு இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒருநாளும் குளிர் அறையில் நின்றதில்லை.

முடிந்ததா என்று மேலதிகாரி இன்றும் கேட்டார். இல்லை, அங்கே வேலை செய்பவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுளித்தார்.

அப்டன் பார்க்கில் குளிர் அறையோடு மீன் களஞ்சியம் வைத்திருக்கும் ஒருவரோடு பேசிவிட்டேன். "வாங்கோ, ஆனா தடிச்ச சப்பாத்துப் போட்டு வாங்கோ, அக்கா. உள்ளுக்கை நிண்டு பாத்தாத்தான் விளங்கும்" என்றார்.

நாளைக்குப் போகிறேன்.