நாய் துரத்திய சீன்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். வண்டிக்கு டீசல், பின் டயருக்குக் காற்று. சின்னசேலத்துக்கு ஒரு லோடு. மதியத்துக்குள் முடித்தாகிவிட்டது.

மேட்னி, மாமாவோடு. பெரிய ஹீரோ, முதல் நாள். படம் குப்பை. இந்த டைரக்டருக்கு ஹீரோவை நடக்கவிடுவதைத் தவிர ஒரு எழவும் தெரியாது. அதுவும் ஸ்லோமோஷனில். மாமாவின் காதோரம் குனிந்து, "நடக்கறான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் நடந்துக்கினுதான் இருக்கான்."

"எங்கடா போறான், சேலத்துக்கா?"

முன் வரிசையில் சிரித்துவிட்டார்கள்.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் முதலாக மாமா என்னை விட்டுவிட்டுப் படம் பார்த்ததில்லை. பிறகு அந்த விஷச் சாராயம் வந்தது. எங்கள் தெருவில் பல பேரைக் கொண்டுபோனது. மாமாவின் உயிரை விட்டுவைத்து, கண்ணை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறமும் தியேட்டரை விடவில்லை. அவர் கேட்பார், நான் சொல்வேன்.

இடைவேளைக்கு முன் பார் பாட்டு, ஆளுக்கொரு பாட்டிலோடு. கூட்டம் உருண்டு சிரிக்கிறது. டிரம்ஸ் அடியில் ஒரு வார்த்தை விளங்கவில்லை, அந்த மட்டுக்கு மியூசிக் டைரக்டருக்கு நன்றி. "இன்னாடா காட்றான்?" என்றார். "காமெடியன நாய் தொரத்துது மாமா." அவரும் சிரித்தார்.

எப்போதும் இப்படித்தான். திரையில் பாட்டில் வந்தால் நான் வேறு சீன் வைத்துவிடுவேன். பாட்டில் இல்லாமல் நாலு நண்பர்களைப் பேசவைக்கத் தெரியாதா இவனுங்களுக்கு?

திரும்பி வந்தால் வாசலில் அக்கா. "பாக்காத மனுசனுக்கு இன்னாத்துக்குடா டிக்கெட்டு?" படம் பார்த்த அன்றைக்குத்தான் மாமா மறுசோறு கேட்கிறார். மற்ற நாளெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

வாங்க வேண்டியது: ஃபேன் பெல்ட், கொசுவர்த்தி, அக்கா மிக்சி ஜாருக்கு வாஷர்.

இன்றைய படம், விருது வாங்கிய டைரக்டராம். எல்லாரும் இருட்டில் முணுமுணுக்கிறார்கள். எனக்கே தெரியவில்லை, மாமாவுக்கு என்னத்தைச் சொல்ல?

"ஒரு சன்னல். மழ. அவ பாக்கறா."

"யார?"

"மழைய."

"அப்பறம்?"

"இன்னும் மழைதான் மாமா."

படம் எடுக்கத் தெரியாதவனுக்கு மழைதான் துணை. மாமாவின் கோபம் வேறு. நம்ம பக்கத்துக் கதை என்று போட்டுவிட்டு ஆளாளுக்கு மதுரைப் பேச்சு. "ஒருத்தனாவது இன்னான்னு கேட்டானாடா? நம்ம பேச்ச பேசுனா கேமரா ரிப்பேராயிடுமா?" வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

வாஷர் மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெள்ளிமலைக்கு சிமெண்ட் லோடு. கச்சிராயபாளையம் தாண்டியதும் நல்ல காற்று. மேலே ரோட்டோரம் ஷூட்டிங். குடத்தோடு ஒரு மலைக்கார அம்மா நின்றார், காலில் புதுச் செருப்பு. அசிஸ்டெண்ட் ஓடிவந்து கழற்றச் சொன்னான்.

"முள்ளு குத்தும் சாமி."

"ஷாட்டுக்குத்தாம்மா. கொஞ்ச நேரம்."

ஏழை என்றால் வெறுங்காலோடு இருக்க வேண்டும் இவர்களுக்கு. இருப்பதை இருக்கிறபடி காட்டினால் டைரக்டருக்கு என்ன வலிக்கிறது? "ஆக்‌ஷன்" என்றதும் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். திட்டு விழுந்தது. விழட்டும்.

ஜூலை 10, வியாழன்

மோசமான நாள்.

டீக்கடை பெஞ்சில் நானும் மாமாவும். பக்கத்தில் ரெண்டு பசங்கள் வெள்ளிக்கிழமை படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் குஷி. "நாய் தொரத்தற சீனு சூப்பர் இல்ல தம்பி?" என்றார்.

"நாயா? அதுல ஏதுண்ணே நாயி? பார் பாட்டு இல்ல அது! டேபிள் மேல ஏறி ஆடுவானுங்களே."

மாமா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். திரும்பும்போது என் தோளை விரல் நுனியால்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்ப போன மாசப் படத்துல மாடு முட்டுனது?"

"பாட்டிலு மாமா."

"பந்தியில வழுக்கி வுழுந்தது?"

"அதுவும்தான்."

நின்றுவிட்டார். "அப்ப இத்தினி நாளா நான் பாத்தது யாரு எடுத்த படம்டா? அவன் எடுத்ததா, நீ எடுத்ததா?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"போனது கண்ணு. புத்தி எங்கயும் போவல. நீ இன்னா எனக்கு சென்சாரா? இனிமே கூப்புடாத."

ஊர் டைரக்டர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டவன் நான். அவரை வாசல் வரை கொண்டுவிட்டுவிட்டு வண்டிக்குப் போனேன்.

ஜூலை 11, வெள்ளி

புதுப் படம் ரிலீஸ். மாமா வரவில்லை. நானும் போகவில்லை. சுவர்ப் பக்கமே படுத்திருக்கிறார். நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும்தான்.

அக்கா கொல்லைப்புறம் கூப்பிட்டு அழுதாள். "டிக்கெட்டு எதுக்குன்னு கேட்டவ நான்தான். காலுல வேணா வுழறேன், கூட்டிக்கினு போடா." பயமாக இருக்கிறது. இதே மாதிரிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கிடந்தார். அப்போது எழுப்பி உட்காரவைத்தது ஒரு படம்தான்.

ஏன் மறைத்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாராயத்துக்கு மறுநாள் காலை. வாசல் முழுக்க வெயில். மாமா பாயில் எழுந்து உட்கார்ந்து, "கரண்டு போயிடுச்சா? லைட்ட போடு" என்றார். அக்கா சுவிட்சைப் போட்டாள். அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாட்டிலைத் திரையில் பார்த்தால் எனக்கு அந்த சுவிட்ச் சத்தம் கேட்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். லோடு இல்லை. மாமா பாய் ஓரம் போய் உட்கார்ந்தேன்.

"இனிமே உள்ளத உள்ளபடி சொல்றேன் மாமா."

"பாட்டிலு வந்தா?"

"பாட்டிலுன்னு சொல்றேன்."

சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அப்புறம், "சட்டைய எடு" என்றார். அக்கா ஓடினாள்.

படம், காதல் தோல்வி. புது டைரக்டர், பழைய சரக்கு. அவள் போனதும் ஹீரோ நேராகப் பாட்டிலுக்குப் போகிறான். மூலையில் எறும்பு மாதிரி எச்சரிக்கை எழுத்து. என் வாயில் நாய் வந்தது, மாடு வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"குடிக்கறான் மாமா."

"எவ்ளோ?"

"முழு பாட்டிலு. தண்ணி கலக்கல."

"ம்."

"இன்னொன்னு ஒடைக்கறான். ரூமுக்கு வந்து அப்பிடியே வுழுந்துட்டான்."

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அப்பறம்?"

"விடிஞ்சிடுச்சி. வெயிலு மூஞ்சில அடிக்குது. கண்ணத் தொறக்கறான். எல்லாம் மங்கலா காட்றான்."

மாமா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தெரியுதா அவனுக்கு?"

திரையில் மங்கல் விலகி, சன்னல் வந்தது, ஃபேன் வந்தது, காபி டம்ளர் வந்தது. எனக்குத்தான் திரை கலங்கியது.

"தெரியுது மாமா. எல்லாம் தெரியுது."

கையை விடவில்லை. "ம்" என்றார். "மேல சொல்லு."