உன் பேர் போட்ட டேலியா

இன்று காலை டேலியாக் கிழங்குகளைத் தோண்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஈர மண்ணோடு அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. "செத்துப்போனவளுக்கு எதுக்குக் கடுதாசி?" என்கிறார் என் வீட்டுக்காரர். கேட்டுக்கொண்டே இருக்கட்டும். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு சேதி இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நம் இரண்டு பேரையும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து துரை பங்களாப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு மரக்குச்சி, அதில் பெயின்ட்டில் இங்கிலீஸ் பேர். இந்த மலை மழைக்கு ஒரே மாதத்தில் பெயின்ட் போய்விடும். கிழங்கு பிரிக்கையில் வெள்ளையும் சிவப்பும் கலந்துபோனதற்கு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நம்மைத்தான் திட்டினார். "படிக்காத பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான்!" எனக்கு அழுகை வந்தது. உனக்கு வீம்பு வந்தது. தேயிலைப் பெட்டி ஓரத்தில் அடிக்கும் தகரப் பட்டையை ஸ்டோரில் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, பெயின்ட் அழியும் முன்னே எழுத்தைப் பார்த்து ஆணியால் பேரைக் கீறினாய். பிரித்த கிழங்கு ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டினாய். அப்புறம் ஒரு பூ மாறியதா?

கீறும்போதே முணுமுணுப்பாய். "பாத்தியாடி, எல்லாம் எவளோ ஒரு துரைசாணி பேரு. இவளுங்க வந்து மண்ணு கொத்துனாளுங்களா? பூவுக்குப் பேரு இருக்கு. காலையில பெரட்டுல ஆள் எண்ணும்போது நம்மள மட்டும் நம்பர் சொல்லித்தானே கூப்பிடுறான்!"

பிறகுதான் அந்தச் செடி. எருக்குழி ஓரத்தில் விதை விழுந்து தானாக முளைத்தது. விதையில் வருவது தாயைப் போல இருக்காது என்று பிடுங்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய். பூத்தபோது பப்பாளிப் பழ நிறம், இதழ் நுனி மட்டும் வெள்ளை. எந்தப் பாத்தியிலும் இல்லாத பூ. நீ ஒரு தகரத்தில் உன் பேரையே கீறிக் கட்டினாய். கிராணி பார்த்தால் வம்பு, அவிழ்த்துவிடு என்றேன். "ஏன், என் பேருக்கு என்ன குறை?" என்றாய்.

பூக்கண்காட்சி வந்தது. அந்தச் செடிக்குத் தன் பேரை வைக்கத் துரையின் மனைவி ஆசைப்பட்டார். கிராணி புது அட்டையோடு வந்து உன் தகரத்தைப் பிய்த்தார். மறுநாள் நீ வேறொன்று கட்டினாய். மறுபடி பிய்த்தார், மறுபடி கட்டினாய். மூன்றாம் முறை உன்னைக் கொழுந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போறேன்லா, எனக்கென்ன" என்று போனாய். ஒரு பூவுக்காக நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டாயே என்று எனக்கு உன் மேல்தான் கோபம். அடிப்பாவி, கூடைக்குள்ளே அடியில் அந்தக் கிழங்கில் பாதியைக் கொண்டுபோனாய் என்று எனக்கே தெரியாது! முளைக்கண் உள்ள துண்டாகப் பார்த்துப் பிரித்து, நம் லயத்து வரிசையில் வீடு வீடாகக் கொடுத்தாய், தகரத்தையும் கட்டி. இரண்டு வருஷத்தில் வாசலுக்கு வாசல் உன் பேர். கிராணி அந்தப் பக்கம் வந்தால் மேலே பார்த்துக்கொண்டு நடந்தார்.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். கட்டில் நம்பரைக் காட்டி, "இங்கயும் நம்பர்தான்டி" என்று சிரித்தாய். நான் வெளியே வந்து நின்று அழுதேன்.

இப்போது திரிங்காப் ஊரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பூந்தோட்டம். அதில் பாதி உன் டேலியாதான். சேதி இதுதான். நேற்று லோரியில் பூ ஏற்ற வந்த வியாபாரி பெட்டியில் எழுதியிருந்த பேரைப் பார்த்து முகம் சுளித்தான்.

"அக்கா, இந்தப் பேரெல்லாம் கேஎல் மார்க்கெட்டுல எடுபடாதுலா. நானே ஸ்டைலா ஒண்ணு போட்டுக்கிறேன்."

நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வீம்புதான், வேறென்ன. "பேரோட ஏத்துறதுன்னா ஏத்து. இல்லைன்னா லோரிய எடு."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான், எல்லாப் பெட்டியையும். நீ ஒரு தடவைகூடப் பார்க்காத கோலாலம்பூருக்கு உன் பேர் போய்விட்டதடி. இனி எவன் வந்து பிய்க்கிறான், பார்க்கிறேன்.