சஜ்தாவில் ஓடிய தரை

மார்ச் 8, சனி
மாலை அஸர் தொழுகை. சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றி பட்டதும் தரை வலப்பக்கமாக ஓடத் தொடங்கியது. ஓசையில்லை, அவசரமில்லை. பாயைப் பற்றிக்கொண்டேன். தானாகவே நின்றது.

மனைவி ரிஹானா கோபித்தாள்: “இந்த வயசுல நோம்பு வேணாம்னு சொன்னேன். கேட்டீகளா?”

மார்ச் 9
அவள் பேச்சைக் கேட்டு நோன்பு வைக்கவில்லை. வயிறு நிறைய இட்லி. குனிந்தேன் — அதே ஓட்டம். அண்ணாந்தேன், நிறுத்தியிருந்த மின்விசிறி சுற்றியது. குற்றம் நோன்பின்மேல் இல்லை. ஒரு நோன்பை வீணாக விட்டேன்.

மார்ச் 11
பள்ளிவாசலில் நாற்காலியில் தொழுதேன். ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரன் நாற்காலி போட்டால் நண்பர் முகைதீன் பிச்சை சும்மா விடுவாரா? “என்ன நிருபரே, நாற்காலி போட்டுட்டீக! பேட்டி எடுக்கவா வந்தீக?”

சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை ஒரே கேள்வி. இந்த நெற்றி இனித் தரையைத் தொடாதா?

மார்ச் 13, வியாழன்
காது மருத்துவர் சினேகா. வயது முப்பதுக்குள்.

காதுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் மெத்தைபோன்ற ஒன்றின்மேல் இருக்கின்றனவாம். எது கீழ் என்று மூளைக்குச் சொல்பவை. பக்கத்திலேயே நீர் நிறைந்த வளையக் குழாய்கள். தலை திரும்புவதைச் சொல்பவை. சில துகள்கள் பிரிந்து குழாய்க்குள் விழுந்துவிட்டன. தலை நின்றபிறகும் அவை நகர்ந்து நீரைத் தள்ளுகின்றன. தலை இன்னும் திரும்புவதாக மூளை நம்புகிறது.

“கண்ணு மறுக்காதா?”

“காது முந்திக்குது சார். கண்ணும் அது பின்னாலயே ஓடுது.”

கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு, வலப்பக்கம் திருப்பி, என் கண்களையே பார்த்தார். அறை முழுவதும் வழிந்தது. பிறகு மெல்ல இடப்பக்கம் திருப்பினார். ஒருக்களித்துப் படுக்கவைத்து எழுப்பினார். வழிந்ததெல்லாம் வந்து அமர்ந்தது.

“துகள் வெளிய வந்துருச்சு. கொஞ்ச நாள் மிதக்குற மாதிரி இருக்கும்.”

மார்ச் 15
மிதக்கிறேன். கடைத்தெருவே ஊருணித் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கிறது. ஆட்டோக்கள்கூட நீந்திப் போகின்றன. சொன்னால் சிரிப்பார்கள் — எனக்கு இது பிடித்திருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி
மிதப்பும் போய்விட்டது. ஆனாலும் நாற்காலி. குனியப் பயம்.

“காதுக்கு டாக்டர் பாத்தாச்சு. பயத்துக்கு யாருகிட்டப் போறது?” — ரிஹானா.

மார்ச் 31, திங்கள்
பெருநாள் தொழுகை, திடலில். வரிசையில் எனக்கு இடம் விட்டிருந்தார் முகைதீன் பிச்சை. நாற்காலி கேட்க வாய் வரவில்லை. நின்றேன், குனிந்தேன், நெற்றியை வைத்தேன். பாய்க்கடியில் மண் சூடாக இருந்தது. ஒன்றும் நகரவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டு தரை சும்மா இருந்தது.

தொழுகை முடிந்து தழுவியபோது முகைதீன் பிச்சை காதருகே கேட்டார்: “எல்லாரும் எந்திரிச்சு ஒக்காந்தும் கடைசி சஜ்தாவுல கெடந்தீகளே, தூங்கிட்டீகளா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.