ஆயிரத்துத் தொள்ளாயிரமும் ஒரு பிடி கல் உப்பும்

மே 6, திங்கள்

பேராசிரியர் பதவிக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பிக்கிறேன். நான்காவது முறை கேட்டால் மரியாதை இல்லை என்று யாரும் வாயால் சொல்லவில்லை, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். படிவத்தின் முதல் கேள்வி: உங்கள் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர்? உயிரோடு இருக்கிறீர்களா என்பதை நான்காம் பக்கத்தில் கேட்பார்கள் போல.

அறுபத்தொரு கட்டுரைகள். பன்னிரண்டு வருடம் உயிரைக் கொடுத்து எழுதிய கடற்பாசி மரபணுக் கட்டுரைக்கு ஒன்பது மேற்கோள். அதில் ஏழு நானே காட்டியது. ஆனால் 2005இல் எழுதிய மூன்று பக்கச் செய்முறைக் குறிப்பு — வழவழப்பான கடற்பாசியிலிருந்து சுத்தமான ஆர்.என்.ஏ. எடுப்பது எப்படி — அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்! எழுதியவர்கள் இருவர்: முதலில் நான், அடுத்து துறைத்தலைவர் கிரேம். அந்த வருடம் கிரேம் செய்த ஒரே ஆராய்ச்சி, தன் பாய்மரப் படகுக்கு எந்த வெள்ளை நிறம் எடுப்பாக இருக்கும் என்பது.

மே 9

கிரேம் விண்ணப்பத்தைப் புரட்டினான்.

"அந்த ஒன்பதைத் தூக்கிக் கடைசியில போடு, பிப். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை முதல் வரியில வை. முதல் பேரு உன்னுது. கமிட்டி வாயே தொறக்காது."

ஒரு காணொளியும் இணைக்க வேண்டுமாம்: நான் என் செய்முறையைச் செய்து காட்டுவது போல. இரண்டு நிமிடம். புன்னகையோடு.

மே 21

எப்போதும் இந்தச் செய்முறையைச் செய்வது எங்கள் ஆய்வக உதவியாளர் நொலீன். அவள் லான்செஸ்டன் நகரில் மகள் வீட்டில் இருக்கிறாள். என் செய்முறைதானே, நானே செய்தேன். குழாய் நிறையப் பாசியின் கொழகொழப்பு, சுத்தச் சளி.

மே 22

மறுபடியும் சளி. என் கட்டுரையை வரிக்கு வரி பின்பற்றினேன். கட்டுரையாசிரியருக்கு எழுதி விளக்கம் கேட்கலாம் என்று தோன்றியது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

மே 23

ஆய்வகத்தின் பொது அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். பதினான்கு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். சிலி, கொரியா, நார்வே — எல்லோருக்கும் சளி. எல்லாவற்றுக்கும் பதில் போயிருக்கிறது. எழுதியது நொலீன்.

"கட்டுரையில ஒரு விஷயம் விட்டுப்போச்சு கண்ணு. உறைய வைக்கிறதுக்கு முன்னாடி கல் உப்பு போட்டு நல்லாத் தேய்ங்க, நாங்க வீட்ல அபலோன் சிப்பி கழுவுற மாதிரி. அப்புறம் சில்லுனு கடல் தண்ணில அலசுங்க."

2005இல் இந்தச் செய்முறைக்காகக் குளிரறைக்குள் வேலை செய்தது அவள். நான் கதவருகே நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். உள்ளே ரொம்பக் குளிர் — எனக்கு. கட்டுரையின் கடைசி வரி: "கண்ணாடிக் கலங்களைக் கழுவி உதவிய நொலீன் பர்டனுக்கு நன்றி." இதை எழுதியது யார்? நான்தானே. கிரேமைக் கிழித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்?

மே 27

நொலீன் வந்துவிட்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னேனே! கட்டுரை அச்சான அன்னிக்கே உப்பு விட்டுப்போச்சுன்னேன். நீ கேக் வெட்டிட்டு இருந்த. 'அப்புறம் பாக்கலாம்'னு சொன்ன."

"உனக்குக் கோபமே வரலியா?"

"வராம? கலம் கழுவினவளாம்! இங்க ஒரு கலத்தைக்கூட நான் கழுவினதில்ல. அதுக்கு மெஷின் இருக்கு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மே 30

விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன்: உப்பைச் சேர்க்கவும், நொலீன் முதல் பெயர், நான் இரண்டாவது. விண்ணப்பத்திலும் அப்படியே மாற்றிவிட்டேன். கிரேம் கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? முதல் பேரு போச்சுன்னா உன்கிட்ட என்னதான் இருக்கு?"

"ஒன்பது."

அவன் பெயரை எடுக்க அவன் சம்மதம் வேண்டுமாம். மூன்றாவதாக இருந்துவிட்டுப் போகட்டும். படகுக்கும் ஒரு பங்கு.

செப்டம்பர் 12

திருத்தம் வெளிவந்தது. அதற்கு மேற்கோள்: பூஜ்யம். உப்பில்லாத பழைய கட்டுரைக்கு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. அறிவியல் முன்னேறுகிறது.

அக்டோபர் 30, புதன்

பதில் வந்தது. "விண்ணப்பதாரரின் முதன்மைப் பங்கு போதிய அளவு நிறுவப்படவில்லை." கமிட்டி முதல் முறையாக ஒரு உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறது. காரில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே போனால், நொலீன் கையில் சிலியிலிருந்து ஒரு கடிதம்: பேராசிரியர் பர்டன் அவர்களுக்கு.

"பேராசிரியராம்! எங்க வீட்டு நாய் கேட்டாக்கூடச் சிரிக்கும்." என் முகத்தைப் பார்த்தாள். குளிரறைக் கோட்டை எடுத்து நீட்டினாள். "இந்தப் பதிலை நீ எழுது. ஆனா முதல்ல தேய்ச்சுக் கத்துக்க."

விரல் மரத்துப்போகத் தேய்த்தேன். முதல் இரண்டும் சளி. "அமுக்கித் தேய்டி, குழந்தையவா குளிப்பாட்டுற?" மூன்றாவது குழாயில் சளியே இல்லை, தண்ணீர் போலத் தெளிவு.

நொலீன் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். பிறகு குழாயையும் மை பேனாவையும் என்னிடம் கொடுத்தாள். எங்கள் ஆய்வகத்தில் குழாய் மேல் அதைச் செய்தவர் பெயரைத்தான் எழுத வேண்டும்.

எழுதினேன்.