வெட்டுக்குறி போட்ட ரப்பர்க் குழாய்

மனுதாரர்:
இ. சுயம்பு, தோல் ஷாப் தொழிலாளி, தாராவி.
தற்சமயம்: ஆண்கள் சர்ஜரி வார்டு, ரத்தன்ஷா தர்ம ஆஸ்பத்திரி, பம்பாய்.

பெறுபவர்:
உயர்திரு வேங்கடசுப்ரமணியன் அவர்கள், ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டு.
(மாட்டுங்கா ஜாகையில் நேரில்.)

விஷயம்: ஆபரேஷனுக்கு நான் கொடுத்த புதுக் குழாய் மாற்றப்பட்டது குறித்தும், அதை இப்போது யாரும் தொடாதிருக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதை ஆபீஸில் கொடுக்காமல் என் சம்சாரம் ஆறுமுகத்தாய் மூலம் அனுப்புவதை மன்னிக்க வேண்டும். போன மனுவை ஆபீஸில்தான் கொடுத்தேன். ‘விசாரித்து ரிப்போர்ட் செய்க’ என்று எழுதி, வார்டில் காயம் கட்டும் எந்த டிரஸ்ஸர்மேல் புகார் சொன்னேனோ அவர் கைக்கே அனுப்பிவிட்டார்கள். ஆகவேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கே சிப்பந்திகளில் தங்களைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

2. தோல் கட்டு சரிந்து விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. மூத்திரப் பாதை உள்ளே அறுந்துவிட்டது. மாதக்கணக்கில் மூத்திரம் அடிவயிற்றுத் துளை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் அறுந்த பாதையைச் சேர்த்துத் தைக்கிறேன் என்றார். தையல் பிடிக்கும்வரை உள்ளே புதுக் குழாய் இருக்க வேண்டும், யுத்தத்தால் ஆஸ்பத்திரியில் ரப்பர் இல்லை, வெளியே வாங்கு என்றார். என் முதலாளி கடை கடையாக அலைந்து வாங்கித் தந்தார்.

3. சுண்ணாம்புக் குழியில் இறங்கும் தோலில் மை நிற்காது. அதனால் இன்னார் சரக்கு என்று ஓரத்தில் கத்தியால் வெட்டி அடையாளம் வைப்போம். எனக்கு யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் இல்லை. குழாயிலும், உடம்புக்கு வெளியே பாட்டிலில் சேரும் முனையில், மூன்று சாய்வெட்டு போட்டுத்தான் டிரஸ்ஸரிடம் கொடுத்தேன்.

4. மயக்கம் தெளிந்து பார்த்தால் எனக்குப் போட்டிருந்தது வெட்டில்லாத, வெடிப்பு விட்ட பழைய குழாய். கேட்டதற்கு டிரஸ்ஸர், ‘தேரா நாம் லிகா ஹை க்யா?’ என்று சிரித்தார். என் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்கிறாராம்!

5. பிறகு காய்ச்சல் வந்து, சீழ் பிடித்து, தையல் விட்டுவிட்டது. இப்போது மூத்திரம் தையல் வழியாகவும் கசிகிறது. இந்த ஆபரேஷனில் அப்படி ஆவதும் உண்டு என்கிறார் பெரிய டாக்டர். இருக்கலாம் ஐயா. அவரைக் குறை சொல்லவில்லை.

6. ஆனால் பக்கத்துக் கட்டில் கரீம் பாட்சா, மேலப்பாளையத்துக்காரர், குதிரை உதைத்து என்னைப்போலவே ஆனவர். எனக்கு ஆபரேஷன் ஆன மறுவாரம் அவருக்கும் ஆனது. அவர் மச்சான் டிரஸ்ஸரைக் காசு கொடுத்துக் கவனித்துக்கொண்டாராம். ‘நமக்குப் புதுக் கொழாய்லா போட்டிருக்காவ அண்ணாச்சி’ என்று என்னிடமே காட்டினார். முனையில் என் மூன்று வெட்டு! பிடுங்கி எறியலாமா என்றுகூட இருந்தது. அவருக்கோ காய்ச்சல் இல்லை, தையலும் பிடித்து வருகிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லவுமில்லை.

7. ஆகவே என் பிரார்த்தனை இதுதான். இந்த மனு வார்டுக்கு வந்தால், சாட்சியை ஒழிக்க டிரஸ்ஸர் அந்தக் குழாயை உருவிவிடுவார். கரீம் பாயின் தையலும் என்னுடையதைப்போல் ஆகிவிடும். தையல் நன்றாகப் பிடித்து, பெரிய டாக்டரே குழாயை எடுக்கும் நாளில், தாங்கள் அருகில் நின்று அதை வாங்கிக்கொண்டு, அதன்பின் விசாரிக்க வேண்டும். அதுவரை என் வழக்கு காத்திருக்கட்டும். எனக்கு மறுபடி தைக்கும்போது குழாயைத் தாங்களே கையில் வைத்திருந்து கொடுக்க வேண்டும்.

8. பதில் எழுதித் தர வேண்டாம். ஆஸ்பத்திரி கேட்டில் உள்ளே வரும்போது ஆறுமுகத்தாயின் தூக்குவாளியைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள். சரி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொன்னால் போதும். அதுவரை நான் கரீம் பாயின் கட்டிலைப் பார்த்தபடியே படுத்திருப்பேன்.

பம்பாய்
9-11-1943

இப்படிக்குத் தங்கள் தயவை எதிர்நோக்கும்,
இ. சுயம்பு